அப்பா சொல்லச் சொல்லச் சீவிய தடி

அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த இரவில், அவர் நல்லபடியாக எழுந்து நடந்துவிட்டால் மகன் தன் கையாலேயே தடி செய்து, கோவை அருகேயுள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி, சிவனான ஆண்டவரைத் தரிசித்து வருவான் என்று அம்மா நேர்ந்துகொண்டார். தடியை ஏன் நேர்ச்சையில் சேர்த்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. 23 முறை மலையேறிய அப்பா ஒருமுறைகூட அடிவாரத்தில் தடி வாங்கியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வேண்டுதலை இந்தப் பங்குனியில் ஆண்டவன் அருளால் நிறைவேற்றினேன்.

அப்பா திண்ணையில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். மார்கழித் தேய்பிறையில், வேலியோரக் கல்மூங்கில் புதரில், பளபளக்கும் இளங்கழிகளை விட்டுவிட்டு, பசுமை மங்கி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் முற்றிய கழிகளாக இரண்டை வெட்டினேன். கல்மூங்கிலில் உட்கூடு மிகச் சிறியது என்பதால் ஆள் பாரத்தைத் தாங்கும். மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடியே துளைப்பூச்சி வருமாதலால், 10 நாள் தொட்டியில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றினோம். அதன் பிறகு நான் பொறுமையிழந்து ஒரு கழியை வெயிலில் கிடத்திவிட்டேன். மூன்றாம் நாள் அது நெடுக வெடித்திருந்தது. நேர்ச்சைக்கு என்று வெட்டியதைப் பாழாக்கிவிட்டேனே என்று நான் கலங்கி நின்றபோது அப்பா கோபிக்கவில்லை. "ஆண்டவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, இன்னொண்ணு நிழல்லயே காயட்டும்" என்றார்.

இரண்டாவது கழி இரண்டு மாதத்துக்கு மேல் தாழ்வாரத்து நிழலில் நின்று காய்ந்தது. அதன் நடுவில் ஒரு கோணல் இருந்தது. அதை நிமிர்த்திய மாலையை நான் மறக்க மாட்டேன். சிரட்டைத் தணலின் மேல் அந்த இடத்தைக் காட்டி, கருகிவிடாதபடி உருட்டிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் மூங்கிலின் தோலில் எண்ணெய் போல ஈரம் துளிர்க்கும். அந்தப் பக்குவத்தில் முழங்காலில் வைத்து மெல்ல அழுத்தி, ஈரத்துணியால் துடைத்து, ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்த அப்பா, என் கைகளின் மேல் தம் கைகளை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை உணர்த்தினார். ஆறிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

கணுக்களைக் கத்தியால் சீவி, அரமும் உப்புத்தாளும் கொண்டு வழவழப்பாக்கினேன். ஏற்றத்துக்கு முழங்கை மட்டம் போதுமென்றாலும், இறங்கும்போது கீழ்ப்படியில் முன்கூட்டியே ஊன்ற வேண்டியிருப்பதால் நெஞ்சளவு நீளம் வைத்தோம். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்து, கணுவின் கெட்டியே தரையைத் தொடுமாறு அமைத்தோம். இரும்புப் பூண் பாறையில் வழுக்கும் என்று அப்பா மறுத்துவிட்டதால், முனைக்குச் சற்று மேலே செப்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, வேப்பெண்ணெய் தடவி முடித்தோம்.

பூண்டி அடிவாரத்தில் அன்று எள் விழ இடமில்லை. வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மலையேற விடுகிறது என்பதால், விடுமுறை நாள் இரவுகளில் கூட்டம் மொத்தமும் சேர்ந்துவிடுகிறது. ஈரம் காயாத மூங்கிலைக் கையில் திணித்து, இது இல்லாமல் மேலே விடமாட்டார்கள் என்று முதன்முறை வருவோரை மிரட்டி விற்பவர்களைப் பார்க்க மனம் வலித்தது. ஆண்டவர் வாசலிலாவது உண்மை பேசக் கூடாதா?

முதல் மலையின் செங்குத்தான படிகளில் மூச்சு வாங்கியது. வெள்ளை விநாயகரை வணங்கிய பின் கால்கள் பழகிவிட்டன. ஆண்டி சுனையின் குளிர்ந்த நீரில் குளித்து, ஈர உடையுடன் ஏழாவது மலையேறி, பொழுது புலரும் வேளையில் பாறைக் குகையின் வாயிலை அடைந்தேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், ஒரு நொடிகூட நிற்க விடவில்லை. தடி யார் மேலும் படாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் தடுமாறிய அந்த வேளையில், பூசாரி கையை நீட்டித் தடியை வாங்கி, சுயம்பு லிங்கத்தின் முன் ஒரு கணம் கிடத்தி, திருநீற்றை மூன்று கோடாகப் பூசித் திருப்பித் தந்தார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பது மறந்து, அப்பா, அப்பா என்று மட்டுமே வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அது பெற்றவரை அழைத்ததா, ஆண்டவரை அழைத்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பாறையில் கால் சறுக்கி முழு உடம்பும் தடியின் மேல் சாய்ந்தபோது, அது வில்லாக வளைந்து மீண்டும் நிமிர்ந்தது. முதல் மலையின் படிகளில், கடையில் வாங்கிய தடி அடியில் பிளந்து போனதால் ஒரு பெரியவர் செய்வதறியாது உட்கார்ந்திருந்தார். கணுவில்லாத இடத்தில் அறுத்த தடி அது. என் துண்டைக் கிழித்துப் பிளவின் மேல் இறுக்கிக் கட்டிக் கொடுத்து, அவருடன் ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

வீடு சேர்ந்ததும் தடியை அப்பாவிடம் கொடுத்தேன். மழையில் கரைந்தது போக, ஒரு கணுவின் மடிப்பில் திருநீறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் அதை விரல் நுனியால் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, தேய்ந்திருந்த அடிமுனையைத் தடவிப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, வாசல் வரை நடந்து போய்ப் பார்த்து வந்தார்.