கடலூர் லேப் குறிப்புகள், மே 2021

12.5.2021, புதன்
கொரோனா இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. மஞ்சக்குப்பமே வெறிச்சோடிக் கிடக்கிறது, எங்கள் லேப் வாசலைத் தவிர. நோய் எவ்வளவு தீவிரம் என்று ஊகிக்க எல்லோரும் கேட்பது ரத்தப் பரிசோதனைகளின் ஒரே பட்டியல்: சிஆர்பி (அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), டி-டைமர், ஃபெரிட்டின், எல்டிஹெச்.

முதுநகரிலிருந்து வந்த அம்மா, "தம்பி, சிஆர்பி 48னு போட்டிருக்கே, ஆபத்தா?" என்றார். ஆக்சிமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 97, மூச்சுத்திணறலும் இல்லை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கப் போகிறாராம்! பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் ஏதும் இல்லை. டாக்டரைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

15.5.2021, சனி
கத்திரி வெயில். வீட்டில் போய் எடுத்த ரத்தம் பைக்கில் குலுங்கி வந்தது, சீரம் இளஞ்சிவப்பு. எல்டிஹெச் செல்களுக்குள் இருக்கும் நொதி; சிவப்பணு உடைந்தாலே ஏறும், நுரையீரல் மேல் பழி விழும். திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டேன்.

19.5.2021, புதன்
நெல்லிக்குப்பத்துப் பையன் அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டோடு வந்தான். வேறு லேபில் டி-டைமர் 410, எங்களிடம் 830. "அண்ணே, ரெண்டு மடங்காயிடுச்சே." அங்கே யூனிட் டிடியூ, இங்கே எஃப்இயூ; ஒரே பொருளை இரண்டு விதமாகக் கணக்கிடுவது. எஃப்இயூ கணக்கில் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் வரும். உள்ளே எதுவும் ஏறவில்லை.

உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் துண்டுதான் டி-டைமர். வூகானில் 191 நோயாளிகளைப் பார்த்து 2020 மார்ச்சில் வந்த ஆய்வில், சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு (1000 நானோகிராம்) மேல் இருந்தவர்களிடம் இறப்பு அதிகம். பயம் அதற்குப் பிறகுதான் பரவியது. வயது ஏறினாலும், கர்ப்பத்திலும் அது கூடும் என்பதை யார் சொல்கிறார்கள்?

23.5.2021, ஞாயிறு
ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் ஆபத்தைக் கணிக்க பிரிட்டனில் உருவாக்கிய ஃபோர்-சி ஸ்கோரைப் படித்தேன். வயது, பாலினம், கூடவே உள்ள நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு, அப்புறம் ரத்தத்தில் இரண்டே இரண்டு: யூரியா, சிஆர்பி. நாங்கள் விற்கும் பேக்கேஜில் ஃபெரிட்டின் இருக்கிறது, யூரியா இல்லை! முதலாளியிடம் சொன்னேன். "யாரும் கேக்கலையேப்பா" என்றார்.

26.5.2021, புதன்
நெல்லிக்குப்பத்துக்காரரை வெள்ளியன்று மூச்சு வாங்கிச் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் டோசிலிசுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்து. சிஆர்பி 140லிருந்து இன்று 12. பையனுக்கு ஒரே சந்தோஷம். நான் சும்மா இருந்தேன். கல்லீரலை சிஆர்பி சுரக்கச் சொல்வது ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம்; அந்த மருந்து அதன் வேலையைத்தான் தடுக்கிறது. நோய் இருந்தாலும் எண் இறங்கும். ஆக்சிஜன் இன்னும் 8 லிட்டர், லிம்போசைட் (நோய் கடுமையானால் குறையும் வெள்ளணு) 7 சதவீதம்.

31.5.2021, திங்கள்
லிம்போசைட் 15, ஆக்சிஜன் 3 லிட்டர். இப்போதுதான் நானும் பையனோடு சிரித்தேன். டி-டைமர் மட்டும் ஆயிரத்துக்கு மேலேயே நிற்கிறது. இறங்க வாரக்கணக்கில் ஆகலாம், தினம் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.