சத்தமா இருக்கிற கிளாஸ் ரூம்

எங்க ஸ்கூல்ல மணி அடிக்கிறதுல ஆரம்பிச்சு தண்ணி கேன் தூக்குறது, செடிக்கு ஊத்துறது, ப்ரேயர்ல திருக்குறள் சொல்லி பொருள் சொல்றது, செய்தி வாசிக்கிறது, ட்ரில்லுக்கு கமாண்ட் குடுக்கிறது வரைக்கும் எல்லாமே பொம்பளப் புள்ளைங்க தான், ஏன்னா வேற ஆளே கிடையாது. மதுரை டவுனுக்குள்ள இருக்கிற அரசு உதவி பெறும் பெண்கள் தொடக்கப்பள்ளி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். நான் சின்ன கிளாஸ் டீச்சர். இந்தக் காலத்துல எதுக்கு தனியா கேர்ள்ஸ் ஸ்கூல்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, நியாயமான கேள்வி தான், பெரிய கிளாஸ் போனதும் எல்லாரோடயும் சேந்து படிக்கட்டும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா வீட்ல சத்தம் போடாத, தம்பியப் பாத்துக்கோன்னு கேட்டுக் கேட்டே வளர்ற புள்ளைக்கு அஞ்சு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் வாயத் தொறந்து கத்த ஒரு இடம் வேணும்ங்க. ஒண்ணாங்கிளாஸ் சேரும்போது பேர் கேட்டா அம்மா சேலைக்குப் பின்னாடி ஒளியுற புள்ள, நாலாவது வரும்போது "ஏய் வரிசைல நில்லுடி"ன்னு கிரவுண்டே கேக்குற மாதிரி கத்துறா, அதக் கேக்கும்போது எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

காலைல நடக்கிறதச் சொல்லணும். 2022 செப்டம்பர் 15ல முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சதே எங்க ஊர்ல தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில. 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, 2024 ஜூலைல கிராமத்து உதவி பெறும் ஸ்கூலுக்கு வந்துச்சு, டவுனுக்குள்ள இருக்கிற எங்கள மாதிரி ஸ்கூலுக்கு 2025 ஆகஸ்ட் 26ல தான் கிடைச்சுது. அதுவரைக்கும் ஒரே தெருவுல இருந்து வர்ற ரெண்டு புள்ளைல மாநகராட்சிப் பள்ளிக்குப் போனவ சாப்பிட்டுப் படிப்பா, எங்க ஸ்கூல் புள்ள டீ குடிச்சுட்டு வந்து முதல் பீரியட்லயே டீச்சர் வயிறு வலிக்குதுன்னு டெஸ்க்ல சாஞ்சுருவா. அம்மாமார் எல்லாம் விடியக்காலைல வேலைக்கு கிளம்புறவங்க, அவங்களக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. இப்ப புதன்கிழமை பொங்கல் சாம்பார் வர்ற அன்னைக்கு லேட்டா வர்ற புள்ளைங்க கூட சீக்கிரம் வந்து உக்காந்துருக்கும். முதல் பீரியட்ல கண்ணு தெளிவா இருக்கு, கேள்வி கேக்குது. ஏழை புள்ளை எங்க படிச்சாலும் பசி ஒண்ணுதான், இத மூணு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்திருக்கலாம்ங்கிறது என் ஆதங்கம்.

கொரோனாவுக்கு அப்புறம் ஸ்கூல் தொறந்தப்ப ரெண்டாவது மூணாவதுல உக்காந்திருந்த புள்ளைங்க நிறைய பேருக்கு எழுத்தே தெரியல, அதுக்காகத் தான் 2022ல எண்ணும் எழுத்தும்ங்கிற திட்டத்தக் கொண்டு வந்தாங்க, மொதல்ல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை, எந்த வகுப்புங்கிறத விட புள்ள எந்த எடத்துல நிக்குதோ அங்க இருந்து ஆரம்பிக்கிறது. பாட்டு, கதை, பொம்மை, முகமூடி எல்லாம் உண்டு. செல்போன் ஆப்ல மதிப்பீடு ஏத்துறது எங்களுக்கு பெரிய வேலை தான், நெட் இழுக்காத நாள்ல அதுக்கே பாதி மதியம் போயிரும், அந்த நேரத்த புள்ளைங்க கூட இருக்க விட்டா நல்லா இருக்கும். ஆனா இந்த முறை நல்ல முறைன்னு நான் அடிச்சு சொல்லுவேன், ஏன்னா மூணாவது படிக்கிற புள்ள அரும்புல இருந்தாலும் யாரும் அவள மக்குன்னு சொல்றதில்ல.

கொ எழுத்து இருக்குல்ல, அது சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்ப கஷ்டம். கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது, நடுவுல க. கொக்குன்னு எழுதிப் போட்டா கெ, கா, க்குன்னு தனித்தனியா இழுப்பாங்க. போர்டுல எத்தனை தடவ எழுதினாலும் நிக்காது. அதனால மூணு பேர கூப்பிட்டு ஆளுக்கொரு அட்டை குடுத்து நிக்க வைப்பேன், ஒருத்தி கொம்பு, ஒருத்தி க, ஒருத்தி கால். கால் அட்டைக்காரி தள்ளிப் போனா மத்த புள்ளைங்க "கெ"ன்னு கத்தணும், ஓடி வந்து ஒட்டிக்கிட்டா "கொ"ன்னு கத்தணும். அந்த கால் பிடிச்ச புள்ள வேணும்னே ஓடுறதும் வர்றதுமா இருப்பா, கிளாஸே அலறும், பக்கத்து கிளாஸ் டீச்சர் எட்டிப் பாத்து சிரிச்சுட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் கொக்கு, கொடி, கொசு எல்லாம் தடங்கல் இல்லாம வரும்.

கணக்குலயும் அப்படித்தான், கைல ஒரு பொருள் இருக்கணும். விளக்கமாத்துக் குச்சிய ஒடிச்சு பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு வச்சுருக்கோம். 52ல 27 கழிக்கணும், அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ரெண்டுல இருந்து ஏழு எடுக்க முடியாது, ஒரு கட்ட அவுருன்னு சொன்னா ஒரு புள்ள அவுக்கவே மாட்டேன்னுட்டா, "கட்ட அவுத்தா பத்து போயிருமே டீச்சர்"னு கேட்டா. நான் பதில் சொல்லல, அவுத்துட்டு மொத்தத்தையும் எண்ணுன்னு விட்டுட்டேன். நாலு கட்டு, பன்னெண்டு உதிரி, ஒண்ணு ஒண்ணா எண்ணி முடிச்சுட்டு "அதே 52 தான்"னு அவளே சொன்னா, உடனே பக்கத்துல இருக்கிறவளுக்கும் எண்ணிக் காட்ட ஆரம்பிச்சுட்டா. அப்புறம் 25ன்னு விடை சொல்ல எவ்ளோ நேரம் ஆகப்போகுது. அந்தக் கேள்வி எவ்ளோ நல்ல கேள்வி பாருங்க, அமைதியா கைகட்டி உக்கார வச்சிருந்தா அது அவ வாயில இருந்து வந்திருக்கவே வந்திருக்காது.

மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் வராண்டாவுல தட்டாங்கல்லு ஓடும், முட்டை சாப்பிட்ட கைய கழுவாம உக்காந்தா மட்டும் எழுப்பி விட்ருவேன்.

அஞ்சாவது முடிச்சு டிசி வாங்க வர்ற அம்மாமார் கிட்ட இப்ப ஒரு மாத்தம் தெரியுது. "ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எந்த ஸ்கூல்ல படிச்சா காலேஜ்ல மாசம் ஆயிரம் ரூபா வரும் டீச்சர்"னு கேக்குறாங்க. அந்தக் காசு குடுக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022ல அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்சது, 2024 டிசம்பர்ல உதவி பெறும் பள்ளி தமிழ் மீடியம் பொண்ணுங்களுக்கும் வந்துருச்சு. பத்து வயசுப் புள்ளைய பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு காலேஜ் பத்தி பேசுறாங்க பாருங்க, அத அந்தப் புள்ளையும் கேக்குது.

எங்களுக்கு இப்ப பெரிய தேவை கதை புத்தகம் தான். வாசிக்க ஆரம்பிச்ச புள்ளைங்க இருக்கிறதெல்லாம் முடிச்சுட்டு வேற குடுங்கன்னு நிக்குறாங்க. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி, படம் இருக்கிற தமிழ் புத்தகம் உங்க வீட்ல கிடந்தா பழசுன்னு எடைக்குப் போட்டுராதீங்க, உங்க தெருவுக்குப் பக்கத்துல இருக்கிற ஏதாவது ஒரு தொடக்கப்பள்ளியில கொண்டு போய்க் குடுங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல நாங்க ஒட்டிக்குவோம்.