வாளி நிறைய லெகோ

கோவையிலிருந்து டென்மார்க்கில் உள்ள வைலெவுக்கு வந்த புதிதில், எங்களைப் பொறுத்தவரை லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள்) என்பது கடையில் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிடுகிற பெட்டி. இத்தனைக்கும் அது பிறந்த ஊரான பில்லுண்ட் இங்கிருந்து காரில் அரை மணி நேரம்தான்.

அப்புறம்தான் பழைய பொருள் சந்தைகள் கண்ணில் பட்டன. இங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் வீட்டிலுள்ள லெகோவை வாளியோடு கொண்டுவந்து விற்றுவிடுகிறார்கள். நாங்களும் ஒரு வாளி வாங்கினோம். சோப்புத் தண்ணீரில் அலசி, வடகம் காயவைப்பதுபோல் வேட்டியில் பரப்பினோம். அதில் 1978-இல் தொடங்கிய விண்வெளி வரிசையின் விண்வெளி வீரர் ஒருவரும் இருந்தார். தலைக்கவசத்தின் தாடைப்பட்டை விரிசல்விட்டிருந்தது. அந்தக் காலத்துக் கவசங்களில் பாதிக்கு இதே கதிதான். ஆனால் கட்டைகளுக்கு வயதே தெரிவதில்லை. இன்றைய இணைப்பு முறைக்கு 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்றைய கட்டையும் நேற்று வாங்கியதும் இன்றும் பொருந்துகின்றன.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகளை வீட்டுக்குள் என்ன செய்ய வைப்பது? விண்கலம் கட்ட ஆரம்பித்தோம். படம் பார்த்துக் கட்டுவதில்லை, எல்லாம் சொந்தக் கற்பனை. என்ஜினைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் எப்போதும் ஒரு இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. கணக்கு பிடிபட்டதும் சரியாயிற்று: தட்டையான துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், கட்டையின் மேலுள்ள குமிழ்களில் இரண்டின் அகலம் 16. ஆக, ஐந்து தட்டைகளை அடுக்கினால் இரண்டு குமிழுக்குச் சரி. கட்டி முடித்ததும் கலத்தை ஒரே கையில் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வாசல்வரை ஓட வேண்டும். இறக்கை கழன்றால் தேர்ச்சி இல்லை. (கீழ்வீட்டுக்காரர் பொறுமைசாலி.)

மனைவிக்கு விண்வெளியில் நாட்டமில்லை. அவள் கட்டியது காந்திபுரம் டவுன் பஸ். ஆறு குமிழ் அகலத்தில் சுவர் போக உள்ளே நான்குதான் மிஞ்சும். இருபுறமும் ஆளை உட்கார வைத்தால் நடுவில் வழியே இல்லை. பொம்மைகளின் கை மெல்லிய கம்பியை இறுக்கமாகப் பிடிக்குமே, அதனால் படிக்கட்டில் கம்பி வைத்து நான்கு பேரைத் தொங்கவிட்டாள். மகளின் டேனிஷ் தோழி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கதவு எங்கே என்று கேட்டாள். கதவு வைத்தால் இவர்கள் எப்படி வருவார்கள் என்றாள் மகள். தோழிக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், ஐந்தாவது ஆளாக அந்த விண்வெளி வீரரை மாட்டிவிட்டாள்.