தேறாத வெள்ளை

"விதியை விடுங்க. உங்களுக்கு எது சுலபமாப் படிக்க வருது?" என்று கேட்டார் எங்கள் டெவலப்பர். திரையில் இரண்டு ஆரஞ்சு பட்டன்கள். ஒன்றில் வெள்ளை எழுத்து, மற்றதில் கறுப்பு. நான் பதில் சொல்லாமல், "ஆடிட்ல எது தேறும்?" என்று திருப்பிக் கேட்டேன்.

கேட்டதில் தப்பில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் 4.5:1 வேண்டும். எங்கள் ஆரஞ்சில், அதாவது எஃப்எஃப்6600 என்ற நிறக் குறியீட்டில், வெள்ளைக்குக் கிடைப்பது 2.9, கறுப்புக்கு 7-க்கும் மேல். கறுப்பைப் போட்டோம். ஆனால் என் கண்ணுக்கும் வெள்ளைதான் பளிச்சென்று இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

டபிள்யூசிஏஜி அந்த விகிதத்தைக் கணக்கிடும் சூத்திரம் 2008-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே அப்படித்தான். எது எழுத்து, எது பின்னணி என்ற கவலை அதற்குக் கிடையாது. இடம் மாற்றிப் போட்டாலும் அதே எண். 767676 என்ற சாம்பல் நிறத்தில் வெள்ளை எழுத்து 4.54 வாங்குகிறது, கறுப்பு 4.62. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கறுப்புக்கா கூடுதல் மதிப்பெண் என்று சிரிப்பு வரும்.

டெவலப்பர் கையில் இருந்தது ஏபிசிஏ கணக்கு, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அளக்கும் புதிய முறை. அதில் எழுத்தும் பின்னணியும் வேறுவேறு. எழுத்தின் அளவையும் தடிமனையும் பொறுத்துத் தேவையும் மாறும். அதன் அளவுகோலில் எங்கள் பட்டனின் வெள்ளைக்கு 60, கறுப்புக்கு 49. சரி, ஆனால் டபிள்யூசிஏஜி 3 வரைவில் இருந்த அதை 2023-இல் எடுத்துவிட்டார்களே! ஆடிட்டரிடம் போய் எதைக் காட்டுவது? பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியே வெளிர் சாம்பல் எழுத்தை எத்தனை பேர் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கண்ணை நம்பக் கூடாது என்றுதானே எண்ணே வந்தது.

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொன்று உறுத்துகிறது. சிவப்பை உணரும் திறன் குறைந்தவர்களுக்கு ஆரஞ்சு இன்னும் இருட்டாகத் தெரியும். அதன்மேல் கறுப்பு என்றால் அவர்கள் பாடு? பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக என்று சொல்லித்தான் நான் அந்த 7-ஐப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். எழுத்தை 14 பாயிண்ட் போல்டாக்கினால் டபிள்யூசிஏஜிக்கு 3:1 போதும். ஆரஞ்சைத் துளி இருட்டாக்கி எஃப்எஃப்6000 என்று வைத்தால் வெள்ளை 3.03-இல் தேறிவிடும். 2.9-க்கும் 3.03-க்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனாலும் பிராண்டு நிறத்தை மாற்ற அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.