கொழும்பில் இறங்கி அம்பாந்தோட்டையில் ஏறினோம்

சென்னையில் கிளம்பும் எங்கள் கப்பலுக்கு இலங்கையில் இரண்டு நிறுத்தம். கொழும்பில் ஒரு பகல் நின்று மாலையில் கிளம்பும். தெற்குக் கரையைச் சுற்றி மறுநாள் காலை அம்பாந்தோட்டைக்குப் போகும். நடுவில் வரும் அந்த ஒரு ராத்திரியை அம்மாவும் நானும் மலைநாட்டுத் தேயிலை ஊரான ஹட்டனில் கழிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அம்மா ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததில் எங்கள் வீடும் பிரிந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். கல்யாணமாகியிருந்த பெரியம்மா, புருஷன் வீட்டாரோடு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். 1970களில் அம்மா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, கடைசியில் கோத்தகிரியில் நின்றார். பெரியம்மா இன்னும் அதே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான்.

பெரியம்மாவைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் தங்கை குடும்பத்தோடு கப்பல் டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்கா இருக்கும் மலையைக் கப்பலிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வா என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் இறங்கி அம்பாந்தோட்டையில் ஏற அனுமதி கேட்டுக் கப்பல் கம்பெனிக்குப் பல வாரம் முன்பே மின்னஞ்சல் போட்டேன். வாடிக்கையாளர் சேவையில் எடுத்தவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. கரைச் சுற்றுலாப் பட்டியலை அனுப்பிவைத்தார். இன்னொருவர்தான் சரியான பிரிவுக்குத் திருப்பிவிட்டார். அவர்கள் கேட்டது பெயர், கேபின் எண், பாஸ்போர்ட் விவரம், எங்கே இறங்கி எங்கே ஏறுகிறோம், ராத்திரி தங்கும் முகவரி. கூடவே கையெழுத்துக்கு ஒரு தாள்: வழியில் எது நடந்தாலும் பொறுப்பு எங்களுடையது, தங்காத இரவுக்குப் பணம் திரும்பக் கேட்க மாட்டோம்.

அனுமதியை விட முக்கியமானது விசா. கப்பலோடு வந்து மாலைக்குள் திரும்புகிறவர்களுக்கான ஏற்பாட்டைக் கப்பலே மொத்தமாகச் செய்துவிடும். நாங்கள் இல்லாமல் கப்பல் கிளம்பிவிட்டால் அந்த ஏற்பாடு எங்களுக்கு ஒட்டாது. அப்புறம் நாங்கள் கப்பல் பயணிகள் இல்லை, இலங்கைக்குள் வந்த சாதாரண வெளிநாட்டார். கொழும்பில் உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, அம்பாந்தோட்டையில் வெளியேறியதற்கு ஒரு முத்திரை, இரண்டும் வேண்டும். அதனால் சுற்றுலாவுக்கான ஈடிஏவை, அதாவது மின்னணுப் பயண அனுமதியை, ஊரிலேயே ஆன்லைனில் எடுத்துக்கொண்டோம். அதில் முதலில் 30 நாள் கிடைக்கும். எங்களுக்குத் தேவை ஒரு ராத்திரி.

சென்னையில் ஏறும்போதே பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொழும்புக்கு முந்தின இரவு விருந்தினர் மேசையில் போய் நின்று, எங்களுடையதை எடுத்து வைக்கச் சொல்லி, எங்கள் பெயருக்கு நேரே குறிப்பு ஏறியிருக்கிறதா என்று அவர்கள் திரையிலேயே பார்த்தேன். ஏறியிருக்கவில்லை. அலுவலகத்தின் மின்னஞ்சலைக் காட்டிய பிறகுதான் ஏற்றினார்கள். இதை விட்டுவிடக் கூடாது. குறிப்பு இல்லாவிட்டால் கிளம்புகிற நேரத்தில் நாம் காணாமல் போனவர்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தேடுவார்கள், அப்புறம் பாஸ்போர்ட்டைத் துறைமுகத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கப்பல், ஏஜென்ட், குடிவரவு அதிகாரி மூன்று பேர் பட்டியலிலும் நம் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பெரிய பெட்டிகளைக் கேபினிலேயே விட்டுவிட்டு ஒரு கைப்பை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஸ்வெட்டர், ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இவற்றோடு இறங்கினோம். குடிவரவு அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஹட்டனா? அக்கா இருக்கா?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். முத்திரை விழுந்தது.

வெளி வண்டியை உள்ளே விடவில்லை. கப்பல்காரர்கள் விட்ட பஸ்ஸில் துறைமுக வாசல் வரை போனோம். அங்கே பெரியம்மா மகன், அண்ணன், ஹட்டனிலிருந்து ஹயர் வேனோடு நின்றிருந்தார். அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துள்கலை, கினிகத்தேனை. கித்துள்கலை தாண்டியதும் வளைவுகள் இறுகும், வேகம் விழும். சுமார் 125 கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். ஹட்டன் 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர மாலையாகிவிட்டது.

லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. "ஏன்டி, போனதும் கப்பலு, வந்ததும் கப்பலா?" என்றார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்து எடுத்த கை, ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் விரல் வெடிப்புகளில் கறை கறுப்பாகவே நிற்கிறது. ராத்திரி நானும் அண்ணனும் முன் காம்பராவில் (அறையில்) படுத்துக்கொண்டோம். அடுப்படியிலிருந்து இரண்டு பேர் குரலும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் யார் செத்தார்கள் என்று லயம் லயமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான ஆபத்து காகிதத்தில் இல்லை, மலை ரோட்டில் இருக்கிறது. கம்பெனியின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், நமக்காக நிற்காது. அம்பாந்தோட்டையை விட்டால் அடுத்தது நேரே சென்னை, பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம் போய் விமானம்தான். அதனால் விடியும் முன் கிளம்பினோம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவது திட்டம். எல்ல ரோட்டில் மண் சரிந்தால் பெரகலை, கொஸ்லாந்தை வழியாகப் போகலாம் என்றார் டிரைவர். அதே கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தையில் 2014 அக்டோபரில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அண்ணன் நினைவுபடுத்தினார். நாங்கள் போனது பிப்ரவரி, மழை குறைந்த காலம். அக்டோபர், நவம்பரில் இதை முயலவே வேண்டாம். எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நுவரெலியாவில் எதிரே வரும் விளக்கு தெரியாத பனி. வெல்லவாயவில் ஸ்வெட்டரைக் கழற்றினோம். தணமல்வில தாண்டினால் ரோடு நேராகிறது, வேன் பறந்தது. நண்பகலுக்கு அம்பாந்தோட்டைத் துறைமுக வாசல். மாலைதான் கப்பல் கிளம்பும் என்பதால் நேரம் தாராளமாக இருந்தது.

வாசல் காவலாளியின் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம், வருவதாகச் சொன்னார். வீட்டில் செய்ததைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் காத்திருந்த நேரத்தில் பெரியம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் டிரைவரோடு சேர்ந்து வேனிலேயே தின்று தீர்த்தோம். ஒட்டுப் பிரிக்காத தேத்தூள் பாக்கெட் மட்டும் எக்ஸ்ரே தாண்டி உள்ளே போனது. வெளியேறும் முத்திரை, கப்பலேறும் பாலத்தில் (கேங்வே) கப்பல் அட்டையைக் காட்டல், மறுபடி பாஸ்போர்ட்டை ஒப்படைப்பு, அவ்வளவுதான்.

கடைசி நாள் பில்லில், நாங்கள் இல்லாத அந்த இரவுக்கும் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள்.