பாட்டுக்காரனுக்கு சீரியல் எதற்கு?

ஜனவரி 11, கொழிஞ்சாம்பாறை

எங்கள் மெல்லிசைக் குழுவில் டூயட் பாடும் தம்பிக்கு ஒரு மலையாள சீரியலில் நாயகியின் அண்ணன் வேடம் வந்திருக்கிறது. ஷூட்டிங் திருவனந்தபுரத்தில். “பாட்டுக்காரனுக்கு சீரியல் எதற்குடா, தொண்டை போயிரும்” என்கிறார் மாஸ்டர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி யூடியூபில் வெனிசுலாக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ், 1943இல் காரகாஸில் பிறந்தவர். அறுபதுகளில் பில்லோஸ் காரகாஸ் பாய்ஸ் என்ற ஆர்கெஸ்ட்ராவில் பாடியவர். நம்ம ஆள்தான்.

ஜனவரி 12

எழுபதுகளில் ஒரு தொடரில் அவர் ஏற்ற பாத்திரத்துக்கு ‘எல் பூமா’ என்று பட்டப்பெயர். ஊரே அப்படிக் கூப்பிட, அதுவே மேடைப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. 1978இல் புவேர்ட்டோ ரிக்கோவில் எடுத்த ‘கிறிஸ்டினா பஸான்’ தொடரில் நாயகனும் அவர்தான், தொடரின் காதல் பாட்டைப் பாடியதும் அவர்தான். பாட்டு ஸ்பெயின் இசையமைப்பாளர் மானுவல் அலெஹாந்த்ரோவுடையது. காதலித்து அழுகிற முகத்துக்கே அந்தக் குரலும் சொந்தமென்றால் கேட்கிறவர்கள் விடுவார்களா?

நம் பக்கம் இரண்டும் வேறு வேறு. ‘சித்தி’ தொடரின் ‘கண்ணின் மணி’யைப் பாடியவர் நித்யஸ்ரீ. என் பெரியம்மாவைக் கேட்டால் இன்றும் ராதிகா பாடியது என்றுதான் சாதிப்பார்.

தம்பிக்கு நல்ல குரல். ஆனால் மொபைலில் வரிகளைப் பார்த்தே பாடுவான். திரை வெளிச்சம் மூக்கில் நீலமாக அடிக்கும். கூடப் பாடுகிற பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். காதல் பாட்டாம்! வசனம் மனப்பாடம் செய்து, எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டு வரட்டும்.

ஜனவரி 13

கச்சேரி இல்லை. ஸ்பீக்கர் ரிப்பேர்.

ஜனவரி 14

இன்று பூமாவுக்குப் பிறந்தநாள். வாசலில் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். தொண்டைப் பேச்சை மறுபடி எடுத்தார். “அவருக்குக் கெட்டது நுரையீரல் மாஸ்டர். 2017 டிசம்பரில் மியாமியில் இரண்டையும் மாற்றினார்கள். அப்புறமும் மேடையேறிப் பாடினார்” என்றேன்.

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான்.”

1988இல் சிலியின் வீன்யா தெல் மார் இசை விழாவில், பினோசேயின் ராணுவ ஆட்சி நடக்கும்போதே, மக்கள் குரலையும் சில நேரம் கேட்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னவர் இவர். அதையும் சொன்னேன். மாஸ்டருக்கு அதில் அக்கறையில்லை. அட்வான்ஸ் வாங்கிய தைப்பூசக் கச்சேரிதான் கவலை.

“சரி, போகட்டும். டூயட்டுக்கு ஆள் நீ பிடி” என்றார். சித்தூரில் ஒரு பையன் இருக்கிறானாம். பொங்கல் முடிந்ததும் போய்ப் பாடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.