வாழி பாடாத கதை

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் கேபிள் லைன் நடத்துறவன் நான். ஐப்பசியில இடி விழுந்து ஆம்ப்ளிஃபயர் போச்சுன்னா, ரப்பர் தோட்டத்துக்குள்ள மழைக் கோட்டோட நிக்கும்போது வர்ற ஃபோன் அத்தனையும் சீரியலுக்காகத்தான். நியூஸ் தெரியலேன்னு ஒருத்தரும் கூப்பிட்டது கிடையாது. அதனால சீரியலை எப்படி முடிக்கிறாங்கங்கிறதப் பத்தி நாலு வார்த்தை பேசலாம்னு நினைக்கிறேன்.

சீரியல் நீளமா இருக்கிறதுல எனக்குப் புகார் இல்ல. 'மெட்டி ஒலி' 800 எபிசோடைத் தாண்டிச்சு, யாரும் சலிச்சுக்கல. ஒரு அப்பா, அஞ்சு பொண்ணு. கதை எங்க போய் நிக்கணும்னு முதல் நாளே அதுக்குள்ள இருந்துச்சு. இப்ப வர்றது பலதுலயும் அதக் காணோம். வியாழக்கிழமை எத்தனை பேர் பாத்தாங்கங்கிற டிஆர்பி கணக்கு வருது, இறங்கியிருந்தா ஒரு கடத்தல், இல்லாட்டி பாயாசத்துல விஷம். பிறகு திடீர்னு ராத்திரியில இருந்து மத்தியானத்துக்கு மாத்துவாங்க. அப்பவே தெரிஞ்சிரும், சோலி முடிஞ்சுதுன்னு. ரெண்டு வருஷமா குடும்பத்தைக் கெடுத்த வில்லி நாலே நாள்ல திருந்தி, எல்லாரும் கோயில் வாசல்ல குரூப் போட்டோவுக்கு நிப்பாங்க.

எங்க ஊர் கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருந்தா நான் சொல்றது புரியும். முத்துப்பட்டன் கதை பாடினா, கடைசியில அவன் சாவான்னு உக்காந்திருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் பொண்டாட்டிங்க பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில இறங்குவாங்கன்னும் தெரியும். ஆனாலும் யாரும் எழும்பிப் போக மாட்டாங்க. பூஜைக்கு நேரமாச்சுன்னா வில்லடிச்சுப் பாடுற புலவர், கதை நடக்கிற ஊரோட செழிப்பைச் சொல்ற நாட்டு வளத்தை இழுப்பார், முன்னால இருக்கிற யாரையாவது வச்சு ஒரு கிண்டல் பண்ணுவார், குடம் அடிக்கிறவர் அதுக்கு ஒரு அடி கூடப் போடுவார். நேரம் இல்லேன்னா பாதிக் கதையைச் சுருக்கிருவார். எப்படிப் போனாலும் சாமி வர்ற கட்டத்துல சாமி வரணும், கடைசியில எல்லாரையும் வாழ்த்தி முடிக்கிற வாழி பாடணும். வாழி பாடாம வில்லை அவுத்தா கொடை நடத்துறவங்க விடுவாங்களா?

சீரியல்ல எதிர்பாராதது நடக்கும்னு சொல்லுவாங்க, வாஸ்தவம். 2023 செப்டம்பர்ல 'எதிர்நீச்சல்' சீரியல்ல ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து இறந்தப்போ, அதைப் பாத்தவங்க சொந்தத்துல ஒரு சாவு மாதிரிதான் பேசினாங்க. வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார், 2024 ஜூன்ல தொடர் முடிஞ்சுது. அந்த வருஷ டிசம்பர்லயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது'ன்னு திரும்ப வந்துச்சு! எங்க கொண்டு சேக்கணும்னு கைவசம் இருந்தா, ஆள் மாறினாலும் கதையை அங்க கொண்டு சேத்திரலாம்.

விளம்பரம் இருக்கிற வரைக்கும் சேனல்காரன் ஏன் நிறுத்தப் போறான்னு கேப்பீங்க. அது சரிதான். அதைவிட எனக்குப் பதில் சொல்ல முடியாம ஆக்கினது வசூலுக்குப் போற வீட்டுல ஒரு பாட்டி. "இது தீந்தா ஒம்பது மணிக்கு நான் ஆரைப் பாத்துட்டு இருக்க மக்களே?"ன்னாங்க. மகனெல்லாம் கல்ஃப்ல. அவங்களுக்குக் கதை ஒரு பொருட்டே இல்ல, அந்த முகங்கள் தினமும் வந்தாப் போதும். என் மக ஃபோன்ல கொரியன் தொடர் பாக்குறா, 16 எபிசோடுன்னா பதினாறோட சரி, அழுதுட்டு அடுத்ததுக்குப் போயிருவா. பாட்டிக்கு அது ஒத்து வராது.

சரி, பாட்டிக்கு ரெண்டாயிரம் எபிசோடே இருக்கட்டும். ப்ரோமோவுல ஆரம்பிக்கிற தேதி போடுறாங்கல்லா, கூடவே முடியிற வருஷத்தையும் போடட்டும். அதுக்காக ஒருத்தரும் கனெக்‌ஷனை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, நான் ஜவாப்தாரி.